திருகாணி இல்லாத மயில்

அந்த வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் குறுக்கே நின்றாலே வாசல் அடைபட்டுப்போகிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. லேப்டாப் பழுது பார்க்கிற கடை. அதை நடத்துகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வாடகைப் பத்திரத்தில் மட்டும்தான் உண்டு. மற்றபடி எல்லோருக்கும் அவள் திருப்புளியக்கா. மற்ற பெண்கள் கொண்டையில் ஊசி செருகுவார்கள். இவள் திருப்புளி செருகியிருப்பாள். தேவைப்படும்போது தலையிலிருந்து உருவுவாள், வேலை முடிந்ததும் தலைக்கே திருப்பி அனுப்புவாள்.

பத்தொன்பது வருஷமாக இதே வேலை. அதற்கு முன்னால் ஒரு டி.வி. தொழிற்சாலையில் போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். புகையில் கண் எரியும், ஆனால் கை நடுங்காது என்று அங்கேயே பேர் வாங்கியவள். ஒரு மெஷினைத் திறக்கும் முன் வெள்ளைத் தாளில் அதன் உருவத்தை வரைந்துகொள்வாள். எந்த இடத்துத் திருகாணியோ, அதைத் தாளில் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டிவைப்பாள். மூடும்போது ஒன்று மிச்சமாகிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இதெல்லாம் நல்ல பழக்கம்தான். அவளைக் கவிழ்த்தது இன்னொரு பழக்கம்.

கடையில் ஒரு இரும்பு பீரோ. அதன் கதவின் உட்பக்கத்தில் கட்டம் போட்டு, கம்பெனிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தாள். பழுதுக்கு ஒரு மெஷின் வந்தால் அந்தக் கம்பெனிக்கு நேராக ஒரு கோடு. கம்பெனிகளுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பேரை அவள் மதிப்பதே இல்லை. தானே பேர் வைத்தாள். வெளியே பளபளவென்று இருந்து உள்ளே காரை உதிர்கிற கம்பெனிக்கு ‘வாடகை வீடு’. திறந்த நிமிஷத்திலிருந்து அதைச் செய், இதைச் செய் என்று திரையில் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பது ‘மாமியார்’. கறுப்பாக, கனமாக, பார்க்க லட்சணமே இல்லாமல் இருப்பது ‘எருமை’. மெல்லிசாக, வழவழவென்று, கையில் எடுத்தால் வைக்க மனசு வராதது ‘மயில்’.

எருமைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகள். மயிலுக்கு ஒன்பது. அந்த ஒன்பதிலும் ஏழு பேர் பாஸ்வேர்டை மறந்தவர்கள், இரண்டு பேர் சார்ஜரை நாய் கடித்துவிட்டது என்று வந்தவர்கள். மெஷினைத் திறக்கவேண்டிய அவசியமே ஒரு தடவையும் வரவில்லை.

“எந்த லேப்டாப் வாங்கலாம்?” என்று அவளைக் கேட்காத ஆள் கிடையாது. பஸ்ஸில் கேட்பார்கள், துக்க வீட்டில் கேட்பார்கள். பல் டாக்டர் ஒருத்தர் அவள் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு கேட்டார். அவளும் அந்த நிலையிலேயே பதில் சொன்னாள். டாக்டருக்கு என்ன புரிந்ததோ, மறுவாரமே மயில் வாங்கிவிட்டார். யாராவது மறுத்துப் பேசினால் அக்கா பீரோவைத் திறந்து காட்டுவாள்.

“நான் பேசல. கோடு பேசுது, பாத்துக்கங்க.”

கோட்டுக்கு எதிராக யார் பேசுவது? வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்கும் அதில் ஒரு கர்வம் இருந்தது என்பதை மறைப்பானேன். இருக்கத்தான் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

அவளுக்கு ஒரே தம்பி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சின்ன வயசிலிருந்தே வாய் ஓயாது; வீட்டில் அவனுக்கு ரேடியோ என்றுதான் பேர். அந்த ரேடியோவின் தொண்டையில் கட்டி வந்தது. உயிர் வேண்டுமா குரல் வேண்டுமா என்கிற நிலைமையில், டாக்டர்கள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தான். ஆறு மாசம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றபோது, பேச முடியாத வாத்தியாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அலுவலக வேலை தருகிறோம், வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவன் முடியாது என்று எழுதிக் காட்டினான். எழுதினால் அதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது, ஒரு லேப்டாப்பும் ஸ்பீக்கரும் போதும், நான் வகுப்பு எடுக்கிறேன் என்றான். தலைமையாசிரியை நல்ல மனுஷி. ஒரு பருவம் எடுத்துப் பாருங்கள், கடைசியில் குழு ஒன்று வந்து உட்கார்ந்து பார்க்கும், அவர்கள் சரியென்றால் சரி என்று சொல்லிவிட்டார். இல்லையென்றால் பதிவேடுதான்.

தம்பி நேராக அக்கா கடைக்கு வந்தான். கூடவே அவன் மனைவியும். தாளில் ஒரே வரி எழுதி நீட்டினான்: எது வாங்கலாம்?

“இதுல யோசிக்க என்னடா இருக்கு, மயில்தான்” என்றாள் அக்கா.

தம்பி மனைவி ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள், அன்றைக்குப் பேசினாள்.

“அண்ணி, எங்க ஆபீஸ்ல நாப்பது எருமை இருக்கு. கீழ போடுறாங்க, மேல காபி ஊத்துறாங்க. எல்லாம் ஓடுது.”

“கெட்டே போகாதா?”

“போகும். போனா கீழ்மாடியிலேர்ந்து ஒருத்தர் வருவார். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்.”

அக்கா சிரித்துவிட்டாள். “கெட்டுப்போறதைப் பெருமையாச் சொல்றா பாரு!” என்று பீரோவைத் திறந்தாள். கோடு பேசியது.

மயில் வந்தது. அக்கா அதைச் சும்மா வாங்கிக் கொடுத்துவிடவில்லை. ஒரு மூலையை மட்டும் பிடித்து அந்தரத்தில் தூக்கினாள். மட்டமான மெஷின் என்றால் அப்போது நெளிந்து கிறீச்சிடும், இது கம்மென்று இருந்தது. கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள், பள்ளம் விழவில்லை. மூடியை ஒற்றை விரலால் திறந்தாள். அடிப்பாகம் கூடவே எழுந்து வரவில்லை. கீல் இரண்டும் உலோகத்தில் பதிந்திருந்தன. கடைசியாகப் புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு திருகாணிகூட இல்லை. முழுக்க வழவழப்பு.

“பாத்தியா? திறக்கவே வேண்டாத மெஷினுக்குத் திருகாணி எதுக்கு?” என்று அதையும் பாராட்டினாள். இத்தனை வருஷம் திருகாணியோடு குடும்பம் நடத்தியவள் சொன்ன வார்த்தை அது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளே சண்டைக்குப் போயிருப்பாள்.

முதல் வாரம் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் குரலுக்கு எழுத்துத் தமிழ்தான் சரியாக வாசிக்க வரும். பேசுகிற மாதிரி எழுதிக் கொடுத்தால் உளறும். ஆகையால் வாத்தியார், “கடைசி வரிசையில் அரட்டை அடிப்பவர்கள் தயவுசெய்து எழுந்து நிற்கவும்” என்று செய்தி வாசிப்பது போல் அதட்டினார். இரண்டாவது வாரம் சிரிப்பு நின்று கணக்கு நடந்தது. அடிக்கடி சொல்லவேண்டிய வாக்கியங்களையும், பருவத்துக்கான பாடங்களையும் முன்கூட்டியே எழுதி மயிலுக்குள் சேர்த்துவைத்திருந்தான். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், பாடம் ஓடும். பழையபடி வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்று எழுதிக் காட்டினான். தம்பி மனைவி அதை அண்ணிக்குப் போன் செய்து சொன்னாள்.

ஏழு வாரம் ஓடியது. குழு வருவதற்குப் பதினோரு நாள் இருக்கும்போது, “எனவே இந்த முக்கோணத்தின் மூன்றாவது பக்கம்” என்று சொல்லிக்கொண்டிருந்த மயில், அந்தப் பக்கம் எவ்வளவு என்று சொல்லாமலே நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் உயிர் இல்லை. சார்ஜரைச் செருகினாலும் இல்லை.

மத்தியானம் தம்பி கடைக்கு வந்து மெஷினை மேஜைமேல் வைத்தான்.

“நான் எதுக்குடா இருக்கேன்?” என்று அக்கா வெள்ளைத் தாளை எடுத்து மயிலின் உருவத்தை வரைந்தாள். ஆனால் ஒட்டிவைக்கத் திருகாணி வேண்டுமே. சூடு காட்டி, மெல்லிய தகட்டை விளிம்பில் நுழைத்து, ஒன்றரை மணி நேரம் பிசினோடு மல்லுக்கட்டி அடிப்பாகத்தைப் பெயர்த்தாள். உள்ளே ஒரே போர்டு. நினைவகம், சேமிப்பு எல்லாம் அதிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. கழற்றி மாற்ற ஒன்றும் கிடையாது. மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சின்னச் சில்லு ஒன்று கருகியிருந்ததைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்து என்ன? அந்தச் சில்லு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. தனக்குத் தெரிந்த இருபது கடைக்காரர்களைக் கேட்டாள். இருபது பேரும், “மயிலுக்கா?” என்று இழுத்தார்கள்.

கம்பெனிக்குப் போன் செய்தாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் நாற்பது நிமிஷம் பாட்டுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பதிவு எண் கொடுத்தார்கள். மறுநாள் அந்த எண்ணைச் சொன்னால் வேறொரு எண் கொடுத்தார்கள். இப்படியே எட்டு நாள் போயிற்று. அந்த எட்டு நாளும் தம்பி கரும்பலகையில் எழுதிப்போட, முறை வைத்து ஒவ்வொரு பெண்ணாக எழுந்து அதை உரக்கப் படித்தார்கள். கேள்வி கேட்டால் பதில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். போனை வைத்துப் பேசவைக்கலாம் என்றால், வகுப்புக்குள் போன் கூடாது என்பது விதி. அந்தக் குட்டிச் சத்தம் கடைசி பெஞ்சுக்கு எட்டவும் எட்டாது. மெஷின் இல்லாமல் வகுப்பு தட்டுத்தடுமாறுகிறது என்று தலைமையாசிரியை குழுவுக்கான அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

“வேற ஒண்ணு ஏற்பாடு பண்ணிடலாமா அண்ணி?” என்று தம்பி மனைவி தினமும் கேட்டாள்.

“நாளைக்குச் சரியாயிடும். நல்ல மெஷின்மா அது. ஏதோ ஆயிரத்துல ஒண்ணு இப்படி அமைஞ்சுபோச்சு” என்று தினமும் சொன்னாள் அக்கா. அவள் காத்துக்கொண்டிருந்தது மயிலுக்காக மட்டும் இல்லை. பீரோக் கதவுக்காகவும்தான்.

ஒன்பதாம் நாள் கடையைப் பூட்டிவிட்டு, மூன்று மணி நேரம் ரயிலில் போய், கம்பெனியின் சேவை மையத்திலேயே இறங்கினாள். கண்ணாடி அறை, குளிர், சோபா, தண்ணீர் பாட்டில். கையில் எண் எழுதிய சீட்டோடு உட்கார்ந்து சுற்றிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினாலு பேர் மடியிலும் மயில்.

பக்கத்தில் ஒரு நடுத்தர வயசு அம்மா. கட்டட வரைபடம் போடுகிறவளாம்.

“மூணாவது தடவை வர்றேன்” என்றாள் அந்த அம்மா. “இன்னைக்கும் இல்லைன்னா, மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட வேண்டியதுதான்.”

“பக்கத்துல ரிப்பேர் கடையில காட்டலையா?”

“எதுக்குங்க காட்டணும்? இதைத்தான் யாராலயும் திறக்க முடியாதே. இதை வச்சிருக்கவங்க யாரும் கடைக்குப் போறதில்ல.”

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. இதை வச்சிருக்கவங்க யாரும் கடைக்குப் போறதில்ல. ஒன்பது கோட்டுக்கு அர்த்தம் அதுதானா? மயில் கெடாமல் இல்லை. கெட்ட மயில் எதுவும் அவள் வாசலுக்கு வரவில்லை. எல்லாம் நேராகப் பரணுக்குப் போய்விட்டன. அந்த எருமையின் இருநூற்றுப் பன்னிரண்டு கோடு? ஒவ்வொன்றையும் அவள் கையாலேயே திறந்து, பாகம் மாற்றி, மூடி அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றும் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறது. குணமாகிப் போனவர்களை எல்லாம் செத்தவர்கள் பட்டியலில் எழுதி வைத்திருந்த ஆஸ்பத்திரி மாதிரி அல்லவா ஆகிவிட்டது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கூடவே அந்தப் பல் டாக்டரின் ஞாபகமும் வந்து தொலைத்தது.

கவுண்ட்டரில் இருந்த ஆள் ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

“மேடம், போர்டு முழுசா மாத்தணும். ஸ்டாக் இல்ல, அஞ்சு வாரம் ஆகும். உள்ள இருக்கிற ஃபைல் எதுவும் வராது. அப்புறம் மேடம், இதை யாரோ வெளியில பிரிச்சிருக்காங்க.”

“யாரோ இல்ல. நான்தான்.”

“அப்ப வாரன்ட்டி கிடையாது மேடம். எந்த அரைகுறை பிரிச்சிருந்தாலும் எங்க ரூல்ஸ் அதான்.”

அரைகுறை. யாராவது வேறு நாளில் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் கவுண்ட்டர் இரண்டாகியிருக்கும். அன்றைக்கு அவள் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள். வழியெல்லாம் அழுதாள். எதிரே இருந்தவர் என்ன ஏதென்று கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றாள்.

தம்பி வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

“நான் தப்பாச் சொல்லிட்டேன்டா. கோட்டைத் தலைகீழாப் படிச்சிருக்கேன். உன் வேலைக்கு உலை வச்சவ நான்தான்.” பிறகு தம்பி மனைவி பக்கம் திரும்பினாள். “நீ அன்னைக்கே சொன்ன. நான் சிரிச்சேன்.”

தம்பி மனைவி, “மொதல்ல உள்ள வாங்க அண்ணி” என்றாள். குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. தம்பி தாளை இழுத்து எழுதினான்: இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

மறுநாள் காலை பாகத்துக்காகப் பழைய விலைக்கு வாங்கி, கடையின் பின்பக்கம் அடுக்கியிருந்த எருமைகளை இறக்கினாள். ஒன்றின் போர்டு, இன்னொன்றின் திரை, மூன்றாவதின் கீல். எந்த மாடலின் பாகமும் எந்த மாடலிலும் பாதிக்குப் பாதி பொருந்தியது. இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தும் இந்த அருமை அவளுக்கு உறைக்கவில்லை. அடிப்பாகத்தில் பதினொரு திருகாணி. பதினொன்றையும் தாளில் ஒட்டி, பதினொன்றையும் திரும்ப முடுக்கினாள். சாயங்காலம் எருமை பேசியது. குரல் கொஞ்சம் கரகரப்பு, விசிறி பெருமூச்சு விட்டது. தம்பி மனைவி லீவு போட்டுவிட்டு அவனுடைய பழைய நோட்டுகளிலிருந்து வாசிக்க, அவன் உட்கார்ந்து எல்லா வாக்கியங்களையும் முதலிலிருந்து தட்டினான். ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைக்கவும் இந்தத் தடவை மறக்கவில்லை.

குழு வந்த அன்று அக்கா பள்ளிக்கூட நடையில், வகுப்புக்கு வெளியே கிடந்த பெஞ்சில், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே எருமை வட்டத்தைப் பற்றிப் பேசியது. ஒரு பெண் கேள்வி கேட்டாள், பொத்தான்கள் தடதடத்தன, பதில் வந்தது. இன்னொருத்தி அந்தப் பதிலையே மடக்கிக் கேட்டாள். வகுப்பு சிரித்தது, எருமை மறுபடி பேசியது.

பாடம் முடிந்ததும் குழுத் தலைவியின் குரல் கேட்டது. கறாரான குரல்.

“வகுப்பு நல்லா இருக்கு சார். அதுல குறை இல்ல. ஆனா போன தடவை மெஷின் நின்னு பத்து நாள் வகுப்பு அடிபட்டிருக்கு. இதுவும் பழசாத் தெரியுது. இது கெட்டுப்போகாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?”

பொத்தான்கள் தடதடத்தன. ரொம்ப நேரம் தடதடத்தன. அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொல்லிடு, கெட்டே போகாதுன்னு சொல்லிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

“கெட்டுப்போகும் அம்மா” என்றது எருமை, செய்தி வாசிக்கிற தமிழில். “எல்லா இயந்திரமும் கெட்டுப்போகும். இதற்கு முன் வைத்திருந்ததைத் திறந்தும் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. இதைத் திறந்து சரிசெய்ய முடியும். திறக்கத் தெரிந்தவர் என் அக்கா. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேளுங்கள்.”

கதவு திறந்தது. குழுத் தலைவி ஒரு படிவத்தோடு வெளியே வந்து, பெஞ்சில் அழுதுகொண்டிருந்தவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நின்னுபோச்சுன்னா எவ்வளவு நேரத்துல சரி பண்ணுவீங்க?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பெரும்பாலும் அன்னைக்கே பண்ணிடுவேன் மேடம். பெரிய கோளாறுன்னா மறுநாள். அதுவரைக்கும் இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடுத்து வைக்கிறேன். கெடாதுன்னு மட்டும் சொல்லமாட்டேன்.”

தலைவி படிவத்தைச் சுவரில் வைத்து, அனுமதிக்கலாம் என்ற இடத்தில் குறியிட்டார். அதற்குக் கீழே, விற்பனைக்குப் பிந்தைய சேவை வழங்கும் நிறுவனத்தின் பெயர் என்று ஒரு வரி காலியாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு அதில் ‘அக்கா’ என்று எழுதி, போன் நம்பர் கேட்டார்.